ஐரோப்பிய வட்டியும் எங்கள் ஊர் ரோஜாவும்

முன்னுரை

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு வட்டியைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கவலை வந்தது பாடப் புத்தகத்திலிருந்து அன்று, வீட்டிலிருந்துதான்.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி எங்கள் ஊர். அங்கே என் தந்தை பல ஆண்டுகள் பிறருடைய பசுமைக் குடிலில் ரோஜா அறுக்கும் கூலியாளாக இருந்தார். 2021-இல் அரசு மானியமும் வங்கிக் கடனும் பெற்று, அரை ஏக்கரில் சொந்தமாக ஒரு குடில் அமைத்தார். 2023-இன் தொடக்கத்தில் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வட்டி கூடிவிட்டது, ஆகவே தவணைத் தொகையும் கூடும் என்பது அதன் சாரம். அப்பொழுது நான் பிளஸ் ஒன் மாணவன். வீட்டில் எழுத்தறிந்தவன் நான் ஒருவனே. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நான் ஒரு தவணைகூடத் தவறியதில்லையே! பிறகு வட்டி எப்படிக் கூடும்? நீ படிக்கிறவன்தானே, சொல்லு" என்றார் அப்பா. எனக்கு விடை தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் தேடி நான் அறிந்துகொண்ட விடையே இக்கட்டுரை.

வட்டியும் நாணய மதிப்பும்

வட்டி என்பது பணத்தின் வாடகை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் கடனின் வட்டியை ரெப்போ வீதம் என்பர். ஆறு உறுப்பினர் கொண்ட பணக் கொள்கைக் குழு இதனை முடிவு செய்கிறது. விலைவாசி ஏறினால் வட்டியை உயர்த்துவார்கள். கடன் வாங்குவோர் குறைவர், செலவு குறையும், விலையேற்றம் தணியும். தொழில் மந்தமானால் வட்டியைக் குறைப்பார்கள்.

வட்டிக்கும் நாணய மதிப்புக்கும் என்ன தொடர்பு? தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். பணமோ, மற்றவை சமமாக இருக்குமானால், வட்டி குறைந்த நாட்டிலிருந்து கூடிய நாட்டை நோக்கி ஓடும். அமெரிக்காவில் வட்டி ஏறினால், அங்கே பணம் போட விரும்புவோர் தம் நாணயத்தை விற்று டாலர் வாங்குவர். டாலர் ஏறும், மற்றவை இறங்கும். வட்டி மட்டுமே காரணமன்று. வாணிபம், போர், அச்சம் ஆகியவையும் உண்டு. ஆயினும் வட்டி முதன்மையான காரணங்களுள் ஒன்று.

ஐரோப்பா கற்ற பாடங்கள்

1992-இல் பிரிட்டன் தன் பவுண்டை ஜெர்மானிய மார்க்குடன் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் நிறுத்திவைக்க முயன்றது. பவுண்டு நிலைக்காது என்று எண்ணியோர் அதை விற்றுத் தள்ளினர். செப்டம்பர் 16-ஆம் நாள் ஒரே பகலில் வட்டியை 10 விழுக்காட்டிலிருந்து 12-க்கு உயர்த்தி, 15 ஆக்குவதாகவும் அறிவித்தார்கள். பயனில்லை. அன்று மாலையே பிரிட்டன் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது.

இரண்டாவது பாடம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு உரியது. போலந்து நாட்டில் பலர் வீடு கட்ட சுவிட்சர்லாந்தின் பிராங்க் நாணயத்தில் கடன் வாங்கினர். காரணம், அதற்கு வட்டி குறைவு. ஆனால் அவர்கள் சம்பளம் வாங்கியது தம் நாட்டு ஸ்லோட்டியில். ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று 2011 முதல் காத்துவந்த எல்லையை, 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி திடீரெனக் கைவிட்டது. பிராங்க் துள்ளி எழுந்தது. ஒரு தவணையும் தவறாதவர்களின் கடன்கூட ஸ்லோட்டிக் கணக்கில் ஒரே நாளில் வளர்ந்தது. அப்பாவின் கேள்வியை அவர்களும் கேட்டிருப்பார்கள் அல்லவா?

இந்தியா கண்ட அனுபவம்

நமக்கும் இது புதிதன்று. 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆயிற்று. 1991-இல் அந்நியச் செலாவணி வற்றிப்போய் இருப்புத் தங்கத்தை அடகு வைத்தோம். ஜூலை முதல் வாரத்தில் இரு தவணைகளாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1993 முதல் ரூபாயின் மதிப்பைப் பெரும்பாலும் சந்தையே நிர்ணயிக்கிறது.

எங்கள் குடிலில் கணக்கு

ஓசூர் வட்டாரத்து ரோஜாவுக்குப் பிப்ரவரி 14 பெரிய அறுவடை நாள். அதற்கெனக் கணக்கிட்டு டிசம்பரிலேயே செடிகளைக் கவாத்து செய்வோம். பூவை வாங்கும் ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரப் பல வாரங்கள் ஆகும். இடையில் நாணயம் மாறினால் பூவின் விலையும் மாறும்.

ஐரோப்பாவில் ஒரு பூ 0.20 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் ஒரு யூரோ ஏறக்குறைய 80 ரூபாய். ஆகவே பூவுக்கு 16 ரூபாய். 2025 ஜூலையில் யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. அதே பூவுக்கு 20 ரூபாய். மண்ணும் உழைப்பும் ஒன்றே. வேறுபாடு நாணயத்தில் மட்டுமே.

இனி வட்டி. 2022 மே மாதத்துக்கு முன் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ வீதம், 2023 பிப்ரவரியில் 6.50 ஆயிற்று. மாறும் வட்டியில் பத்து லட்சம் கடன் இருந்து, இந்த உயர்வு முழுவதும் அதன்மேல் விழுந்தால், ஆண்டுக்கு 25,000 ரூபாய் கூடுதல்.

நான் கண்டறிந்தவற்றுள் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான். யூரோ விழுந்ததும் எங்கள் வட்டி ஏறியதும் இரு வேறு தீவினைகள் அல்ல. ஒரே வேரில் கிளைத்தவை. பெருந்தொற்றுக்குப் பின்னும், 2022 பிப்ரவரியில் மூண்ட உக்ரைன் போராலும், உலகெங்கும் விலைவாசி ஏறியது. அமெரிக்கா மார்ச் மாதமே வட்டியை உயர்த்தத் தொடங்கியது. ஐரோப்பிய மத்திய வங்கியோ ஜூலையில்தான் தொடங்கியது. அதற்குள் யூரோ, சுமார் இருபது ஆண்டுகளில் முதன்முறையாக டாலருக்குச் சமமாக இறங்கிவிட்டது. அதே விலையேற்றத்தை அடக்கவே நம் ரிசர்வ் வங்கியும் வட்டியை ஏற்றியது. கத்தரிக்கோலின் இரு அலகுகளும் எங்கள் குடிலில் வந்து கூடின.

போட்டியாளரின் நாணயத்தையும் மறக்கலாகாது. ஐரோப்பாவுக்கு மிகுதியாக ரோஜா அனுப்பும் நாடு கென்யா. 2023-இன் தொடக்கத்தில் டாலருக்கு 125-க்கும் குறைவாக இருந்த அந்நாட்டு ஷில்லிங், 2024 ஜனவரியில் 160 வரை சரிந்தது. தன் நாணயம் சரிந்தவன் வெளியூரில் விலையைக் குறைத்து விற்க முடியும். நம் ரூபாயை மட்டும் பார்த்தால் போதாது.

அந்த ஆண்டு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. பிளஸ் டூ முடித்ததும் என்னை ஓசூரில் கம்பெனி வேலைக்கு அனுப்பலாமா என்று பேச்சு எழுந்தது. "படிக்கட்டும்" என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். 2025-இல் ரெப்போ வீதம் இறங்கி, ஜூனில் 5.50 ஆயிற்று. யூரோவும் ஏறியது. தோடு திரும்பிவிட்டது. ஆனால் ரூபாய் இறங்கினால் இறக்குமதியாகும் உரமும் எரிபொருளும் விலை ஏறும். ஆகவே முழு மகிழ்ச்சி கொள்வதற்கில்லை.

முடிவுரை

சென்ற பொங்கல் விடுமுறையில் இவற்றையெல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த வருஷம் யூரோ என்ன விலை?" என்றார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றேன். சிரித்தார். "அப்படியானால் எல்லாச் செடியையும் பிப்ரவரிக்கே கவாத்து செய்யக் கூடாது" என்றார். இவ்வாண்டு பாதிக் குடிலைப் பெங்களூர்ச் சந்தைக்கென ஒதுக்கிவிட்டார். நான் நூலகத்தில் பல நாள் தேடியதன் பயனை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் வீட்டுக்கு வரும் வங்கிக் கடிதத்தைப் படிப்பவர்கள் நாமே. வட்டி நிலையானதா, மாறுவதா? வருமானம் எந்த நாணயத்தில், கடன் எந்த நாணயத்தில்? கையெழுத்திடும் முன் இவ்விரு கேள்விகளையும் நம் பெற்றோருக்காக நாம் கேட்டே ஆக வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.