குழந்தையைப் பார்க்கவும் படிப்பு வேண்டும்

நம் கல்லூரியில் பட்டம் பெற்றபின், முதுகலையில் குழந்தை வளர்ச்சிப் பாடத்தைத் தேர்ந்தேன். "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எம்.எஸ்ஸி. எதற்கம்மா?" என்றார் தந்தையார். அன்று விடை கூற இயலவில்லை.

வகுப்பில் குழந்தையின் உடல், மொழி, உணர்ச்சி வளர்ச்சியையும், உற்றுநோக்கிக் குறிப்பெழுதும் முறையையும் கற்றோம். பின்னர் களப்பணிக்காக அங்கன்வாடி ஒன்றிற்குச் சென்றேன். ஒரே அளவான இரு குவளைகளில் சமமாக நீர் ஊற்றினேன். "இரண்டும் ஒன்றுதான்" என்றாள் நான்கு வயதுச் சிறுமி. ஒன்றிலிருந்த நீரை அவள் கண்ணெதிரே ஒடுங்கிய, உயரமான குவளைக்கு மாற்றினேன். "இதிலேதான் நிறைய!" என்றாள். "தப்பு" என்று சொல்ல நாவெழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) கண்டு கூறியது இதுவே. ஏறத்தாழ ஏழு வயதுக்கு முன், குழந்தை நீர்மட்டத்தின் உயரத்தைக் கொண்டே அளவை முடிவு செய்கிறது. அது மந்தபுத்தியன்று, வளர்ச்சியின் ஒரு படி. குவளைகளை அவளிடமே கொடுத்தேன். மாற்றி மாற்றி ஊற்றி மகிழ்ந்தாள். அதுவே அவளுக்குப் பாடம்.

1975 அக்டோபர் 2 அன்று 33 திட்டப் பகுதிகளில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், சத்துணவு, தடுப்பூசி ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியையும் சேர்த்தே வகுத்தது. உணவு கண்ணுக்குத் தெரிகிறது. கல்வியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

விடுமுறையில் இதனைத் தந்தையாரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். "ஐந்து வயதில் உனக்குக் கணக்கு வரவில்லை என்று அடித்தேனே அம்மா" என்றார்.

காத்திருக்கத் தெரிவதற்கும் படிப்பு வேண்டும், தோழியரே!