ஏஐ எழுதும் விளம்பரம்: வேலை வாங்கும் முறை

"மரச்செக்கு நல்லெண்ணெய்க்கு ஒரு விளம்பரம் எழுதிக் கொடு" என்று சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேட்டால் நொடியில் பத்து வரி வந்து விழும். பாரம்பரியம், தூய்மை, இயற்கை, ஆரோக்கியம் எல்லாம் அதில் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் கேட்டாலும் ஏறக்குறைய அதேதான் வரும். கடையைப் பற்றி ஒன்றும் தெரியாத இயந்திரம் எல்லாக் கடைக்கும் பொருந்துகிற வரியைத்தானே எழுத முடியும்? அதனால் ஏஐயைத் திறப்பதற்கு முன்பே விளம்பர வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் ஒரு தாளில் விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும். எள் எந்த ஊரிலிருந்து வருகிறது, கருப்பா வெள்ளையா, ஆட்டும்போது சேர்ப்பது கருப்பட்டியா வெல்லமா, செக்கு வாகை மரத்தில் செய்ததா, எந்தெந்த நாளில் ஆட்டுகிறார்கள், அரை லிட்டர் என்ன விலை, டோர் டெலிவரி எதுவரை என எல்லாம் அதில் வரட்டும். கல்லாவுக்கு எதிரே நின்று வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளையும் அவர்கள் கேட்டபடியே குறித்துக்கொள்வது நல்லது. "அடியில கசடு தங்குதே, கலப்படமா?" "எத்தனை மாசம் கெடாம இருக்கும்?" நல்ல விளம்பர வரிகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்தேகங்களுக்குச் சொல்லும் பதில்தான். இந்தத் தாளுக்கு ஒரு மணி நேரம் செலவானாலும் தகும்.

அடுத்தது ஏஐக்குக் கொடுக்கும் கட்டளை. விவரத் தாளில் உள்ளதை அதன் கீழே ஒட்ட வேண்டும். அது இப்படி இருக்கலாம்:

"மதுரையில் மரச்செக்கு நல்லெண்ணெய் விற்கும் சிறு கடை. வாங்குவோர் வீட்டில் சமைக்கும் குடும்பத்தினர். கீழே உள்ள விவரங்களைத் தவிர வேறு எதையும் சேர்க்காதே. நோய், மருத்துவம், 'நம்பர் ஒன்' போன்ற பேச்சு வேண்டாம். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் நேரில் பேசுவதுபோல் எழுது. ஐந்து விளம்பரங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் வாங்குவதற்கு வேறொரு காரணத்தைச் சொல்லட்டும்: விலை, மணம், ஆட்டும் முறை, கசடு பற்றிய சந்தேகம், வீடு தேடி வருவது."

கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லையென்றால் ஒரே கருத்து ஐந்து முறை சொல் மாறி வரும். ஏற்கெனவே நன்றாகப் போன பழைய நோட்டீஸ் இரண்டு இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் கடையின் தொனி கிடைக்கும். கோவைப் பேச்சில் எழுது, நெல்லைப் பேச்சில் எழுது என்று கேட்டால் மட்டும் எச்சரிக்கை தேவை. இரண்டு வட்டாரமும் கலந்து, சினிமா வசனம் போன்ற ஒன்று வந்துவிடும். அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்துப் பார்க்காமல் வெளியிடக் கூடாது.

ஒரு வரி தேறியதும் அதை ஊடகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கூகுள் தேடல் விளம்பரத்தில் தலைப்புக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90 எழுத்துதான் இடம். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். புள்ளியையும் கொம்பையும் கணினி தனித்தனியாக எண்ணுவதால் அந்த 70-உம் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'மரச்செக்கு நல்லெண்ணெய்' நம் கண்ணுக்கு 12 எழுத்து. கணினிக்கு, இடைவெளியையும் சேர்த்து, 22. ஏஐ எழுத்துகளைச் சரியாக எண்ணும் என்று நம்பிவிடக் கூடாது; விளம்பரத்தைப் பதிவிடும் பெட்டியில் ஒட்டிப் பார்த்துவிட வேண்டும். வானொலிக்கானால் வாய்விட்டுப் படித்து, கடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும். மூச்சு முட்டினால் வரி நீளம் என்று அர்த்தம்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை: சரிபார்ப்பு. கட்டளையில் தடுத்திருந்தாலும் 'இதயத்தைக் காக்கும்', 'சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்' என்று ஏஐ எங்காவது நுழைத்துவிடும். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் இடம் தருவதில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 'இலவசம்' என்ற சொல்லுக்கும் 2022 வழிகாட்டு நெறிமுறைகளில் கட்டுப்பாடு உண்டு. "இயந்திரம் எழுதியது" என்பது சாக்காகாது. விளம்பரம் கடையின் பெயரில்தான் வெளியாகிறது.

ஏஐ கற்பனையாகப் படைக்கும் வாடிக்கையாளர் இன்னொரு ஆபத்து. "மூணு வருஷமா இந்த எண்ணெய்தான்" என்று யாரும் சொல்லாத பாராட்டை அது பெயரோடு எழுதித் தரும். அதை வெளியிட்டால், படித்து நம்பி வாங்குபவரை ஏமாற்றுவதாகவே ஆகும். அந்த இடத்தில் உண்மையான வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டு அவர் சொன்னதைப் போட வேண்டும். நடிகர்களின் குரல், முகம் விஷயமும் அப்படித்தான். 2021 தீபாவளிக்கு கேட்பரி நிறுவனம், உள்ளூர்க் கடைகளின் பெயரை ஷாருக் கானே சொல்வதுபோல் ஏஐ மூலம் விளம்பரங்கள் உருவாக்கியது. அவர் இசைந்து நடித்த விளம்பரம் அது. அனுமதியில்லாமல் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்தியதாக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

மிஞ்சிய வரிகளில் எது சிறந்தது என்பதை வாடிக்கையாளர்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜேபி மார்கன் சேஸ் வங்கி, பெர்சாடோ என்ற நிறுவனத்தின் ஏஐ எழுதிய விளம்பர வரிகளை மனிதர் எழுதியவற்றோடு போட்டியிட வைத்துப் பார்த்தது. வீட்டின் மதிப்பை வைத்துப் பணம் பெறலாம் என்ற சாதாரண வரியைவிட, முன்னால் 'உண்மைதான்' என்று சேர்த்து இயந்திரம் எழுதிய வரிக்கு அதிகம் பேர் வந்தார்கள். 2019-இல் வங்கி அந்த நிறுவனத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தமே போட்டது. எந்த வரி ஜெயிக்கும் என்பதை மேசையில் உட்கார்ந்து யாரும் ஊகித்திருக்க முடியாது.

சிறு கடைக்கு வாட்ஸ்அப் போதும். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். இரண்டு பட்டியல், இரண்டு வரி, ஒரே நாள், ஒரே நேரம், ஒரே விலை. ஆர்டர் செய்யும்போது சொல்ல வேண்டிய குறிச்சொல் மட்டும் வேறு. லைக்கை எண்ணாமல் ஆர்டரை எண்ண வேண்டும். கசடு பற்றிய வரி ஜெயித்தால், "இதே காரணத்தை வைத்து இன்னும் மூன்று எழுது" என்று ஏஐயிடம் திரும்பக் கொடுக்கலாம். வாடிக்கையாளரின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் அதில் ஒட்டக் கூடாது.

எள் விலை ஏறி எண்ணெய் விலையை மாற்றினால், முதலில் அந்த விவரத் தாளைத் திருத்திவிட்டு ஏஐயில் புதிய உரையாடலைத் தொடங்குவது நல்லது. பழைய உரையாடலையே தொடர்ந்தால் அடுத்த விளம்பரத்தில் பழைய விலை வந்துவிடக்கூடும்.