போர்க்களமும் சரக்குப் பெட்டகமும்

முன்னுரை

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பீரங்கியும் விமானமும் வீரமரணமுமே. வரலாற்று நூல்களும் படைத்தலைவர்களின் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் கூறி அமைகின்றன. களத்தில் நிற்கும் வீரனுக்கு உணவும் குண்டும் காலணியும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. நானும் எழுப்பியவனல்லன். தேசிய மாணவர் படை முகாம் ஒன்றில் பொருட்களுக்குப் பொறுப்பாளனாக இருந்த ஒரு மழை இரவில்தான் அவ்வினா என்னுள் எழுந்தது.

அம்முகாமுக்கு 12 தகரப் பெட்டிகளில் பொருட்களை அடுக்கி லாரியில் ஏற்றியவன் நான். எல்லாம் ஒரே பச்சை நிறப் பெட்டிகள். எதில் என்ன இருக்கிறதென்று மேலே எழுதிவைக்க எனக்குத் தோன்றவில்லை. லாரி போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. விளக்கும் கரண்டியும் இருந்த பெட்டியைத் தேடி ஒன்பது பெட்டிகளைத் திறந்தோம். அறுபது பேர் அன்றிரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டார்கள். பொருள் இல்லாமையால் வந்த பசியன்று அது. இருந்தும் எங்கே என்று தெரியாமையால் வந்த பசி. இதே பிழை ஒரு வல்லரசின் படையிலும் பேரளவில் நேர்ந்தது எனப் பின்னர் நூல்களில் படித்தபோது வியப்பும், சொல்லப்போனால் சற்று ஆறுதலும் அடைந்தேன். அவ்வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

பெட்டகம் பிறந்த கதை

‘கன்டெய்னர்’ என்று நாம் வழங்கும் சரக்குப் பெட்டகம் வணிகர்களின் படைப்பு என்பது பொதுவான எண்ணம். அதில் பாதி உண்மையே உண்டு. 1956 ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்க வணிகரான மால்கம் மெக்லீன், ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டகங்களை ஏற்றி நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்றைய பெட்டகக் கப்பல் வணிகம் அங்கிருந்தே வளர்ந்தது.

ஆயினும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்கத் தரைப்படை எஃகுப் பெட்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் மூட்டையாகவும் மரப்பெட்டியாகவும் சென்ற சரக்கு வழியில் உடைந்தது, நனைந்தது, களவும் போயிற்று. இதற்கு மாற்றாக 8 அடி 6 அங்குல நீளமும், 6 அடி 3 அங்குல அகலமும், 6 அடி 10 அங்குல உயரமும் உடைய எஃகுப் பெட்டியொன்றைப் படையினர் உருவாக்கினர். அது 9,000 பவுண்டு எடையைத் தாங்கியது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1952இல் இம்முறைக்குக் ‘கோனெக்ஸ்’ என்று பெயரிட்டனர். ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் கிடங்கில் நிரப்பிய பெட்டிகள் சான்பிரான்சிஸ்கோ சென்று, அங்கிருந்து ஜப்பானின் யோக்கஹாமா வழியாகக் கொரியாவை அடைந்தன. பயணக் காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வழியில் யாரும் பிரிக்காத பெட்டியில் களவுக்கும் இடமில்லை.

வியட்நாம் புகட்டிய பாடம்

1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வியட்நாமில் ஏறத்தாழ 23,000 அமெரிக்கப் படையினர் இருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அத்தொகை 1,84,000 ஆயிற்று. இத்தனை பேருக்கும் வேண்டியவை கடல் கடந்து வரவேண்டும். தென் வியட்நாமில் பெருங்கப்பல்கள் வந்து தங்கக்கூடிய ஆழ்துறைமுகமோ சைகோன் ஒன்றே. அதுவும் கடலோரத்தில் இல்லை. ஆற்றின் வழியே உள்ளே செல்லவேண்டும். சரக்குக் கப்பல்கள் இறக்க இடமின்றி வாரக்கணக்கில் கடலில் காத்து நின்றன. போரில் சுடுவதற்கு முன் இறக்கவேண்டும் என்ற எளிய உண்மை அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

அமெரிக்கர் காம்ரான் விரிகுடாவில் புதிய துறைமுகம் அமைத்தனர். மிதந்து வரும் துறைமேடை ஒன்றைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து கடல்வழியே இழுத்து வந்து நிறுத்தினர். 1967இல் மெக்லீனின் ‘ஸீலாண்ட்’ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தனர். அவ்வாண்டு நவம்பரில் ‘ஓக்லண்ட்’ என்ற கப்பல் 35 அடி நீளமுள்ள 609 பெட்டகங்களுடன் காம்ரான் வந்து சேர்ந்தது. பழைய முறையில் சாதாரணக் கப்பல்கள் ஏறத்தாழப் பத்து சேர்ந்து சுமக்கும் சரக்கு அது. இறைச்சியும் காய்கறியும் குளிர்பதனப் பெட்டகங்களில் கெடாமல் வந்தன.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். 1967 அளவில் படையினரிடம் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கோனெக்ஸ் பெட்டிகள் இருந்தன. வியட்நாம் சென்றவற்றுள் பெரும்பாலானவை திரும்பவேயில்லை. அலுவலகமாகவும், கிடங்காகவும், மேலே மணல்மூட்டை அடுக்கிய பதுங்கிடமாகவும் மாறிவிட்டன. மழைக்கும் குண்டுக்கும் ஒதுங்க இடம் தேடிய வீரனைக் குறை கூற இயலாது. ஆனால் திரும்பாத ஒவ்வொரு பெட்டிக்கும் ஈடாக ஒரு புதுப்பெட்டி செய்யவேண்டியதாயிற்று. பெட்டகம் என்பது ஒரு பொருளன்று, ஒரு சுழற்சி. சக்கரம் திரும்பி வந்தால்தான் வண்டி ஓடும்.

சரக்குப் படையினர் ஆபத்தில்லாத இடத்தில் இருந்தவர்கள் என்றெண்ணுவதும் தவறு. குயிநோன் துறைமுகத்துக்கும் பிளேக்கு நகருக்கும் இடையே சரக்கு லாரிகள் அணியாகச் சென்று வந்தன. 1967 செப்டம்பர் 2ஆம் நாள் அச்சாலையில் அன்கே என்ற இடத்துக்கருகில் லாரி அணியொன்று பதுங்கித் தாக்கப்பட்டது. ஏழு ஓட்டுநர்கள் மாண்டனர். அதன்பின் சரக்குப் படையினர் தங்கள் லாரிகள் சிலவற்றுக்குத் தாங்களே எஃகுத் தகடும் இயந்திரத் துப்பாக்கியும் பொருத்திக் காவல் வண்டிகள் ஆக்கிக்கொண்டனர்.

படைப்பிரிவின் பணிகள்

அமெரிக்கத் தரைப்படையில் போக்குவரத்துக்கென்றே தனிப்பிரிவு 1942 ஜூலை 31இல் தோன்றியது. அதனுள் துறைமுகத்தில் கப்பலை இறக்கும் கம்பெனிகள், உள்நாட்டில் பெட்டகங்களை ஓர் ஊர்தியிலிருந்து மற்றோர் ஊர்திக்கு மாற்றும் கம்பெனிகள், எந்தச் சரக்கு எந்தச் சாலையில் எப்போது செல்லவேண்டும் எனத் திட்டமிடும் குழுக்கள் எனப் பல பகுதிகள் உண்டு. இவர்கள் பணியை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, நிரப்புதல். கனமானவற்றைக் கீழேயும், எடை ஒருபுறம் சாயாதவாறும் அடுக்கி, இடைவெளியில் மரக்கட்டை கொடுத்து அசையாமல் நிறுத்தவேண்டும். நடுக்கடலில் சரக்கு நகர்ந்தால் பெட்டகத்தின் சுவரே பிதுங்கிவிடும்.

இரண்டாவது, தூக்குதல். பெட்டகத்தின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள எஃகு வார்ப்புகள் உள்ளன. பாரந்தூக்கியின் சட்டம் மேல்மூலைகள் நான்கையும் கவ்விப் பூட்டிக்கொள்ளும். உலகெங்கும் அளவு ஒன்றாக இருப்பதால் எந்த நாட்டுப் பெட்டகத்தையும் எந்த நாட்டுப் பாரந்தூக்கியும் எடுக்க முடிகிறது. வணிகத் துறைமுகத்தில் தண்டவாளமும் கான்கிரீட் தளமும் உண்டு. படையினருக்கோ மணலும் சேறுமே வாய்க்கும். ஆகவே கரடுமுரடான நிலத்திற்கென்றே பெரிய சக்கரங்கள் கொண்ட தூக்குவண்டிகளை வைத்திருக்கின்றனர். அவற்றுள் ஒன்றான கால்மார் ஆர்.டி. 240 வண்டி 53,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 24 டன் தூக்கும்; ஐந்தடி ஆழக் கடல்நீரில் இறங்கியும் வேலை செய்யும். பெட்டகக் கப்பல்கள் பலவற்றில் சொந்தப் பாரந்தூக்கி இல்லாமையால், துறைமுகம் சிதைந்த இடங்களில் இறக்குவதற்கெனப் பாரந்தூக்கிகள் பொருத்திய கப்பல்களையும் உருவாக்கினர். அவற்றுள் முதலாவதான ‘கீஸ்டோன் ஸ்டேட்’ 1984இல் பணிக்கு வந்தது.

மூன்றாவது, கணக்கு. ஒவ்வொரு பெட்டகத்துக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட தனி எண் உண்டு. கடைசி இலக்கம், மற்றவை பிழையின்றி எழுதப்பட்டனவா எனச் சரிபார்க்க உதவுவது. பெட்டகம் எங்கே, உள்ளே என்ன, யாருக்கு உரியது ஆகிய மூன்றுக்கும் விடை எப்போதும் கையில் இருக்கவேண்டும். தூக்கும் பணி கண்ணுக்குத் தெரிகிறது. கணக்குப் பணி தெரிவதில்லை. அதனாலேயே அது முதலில் புறக்கணிக்கப்படுகிறது.

ஒரே கப்பலில் எல்லாம்

பெருமளவில் சேர்த்து அனுப்புவதில் வேறொரு கேடும் உண்டு. 1982இல் ஃபாக்லந்துத் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டன. ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பல், தளத்தின் ஓரங்களில் பெட்டகங்களை மதிலாக அடுக்கி, நடுவில் ஹெலிகாப்டர்களைச் சுமந்து சென்றது. மே 25ஆம் நாள் எக்சோசெட் ஏவுகணைகள் அதனைத் தாக்கின. கப்பல் தலைவர் உட்பட 12 பேர் இறந்தனர். மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் வேறு பல ஹெலிகாப்டர்களும் கூடாரங்களும் ஒரே நாளில் அழிந்தன. ஹெலிகாப்டரில் செல்லவேண்டிய வீரர்கள் முதுகில் சுமையேற்றிக் குளிரிலும் சேற்றிலும் நடந்தே சென்றனர்.

பாலைவனத்தில் இரும்பு மலை

நான் முன்னுரையில் குறிப்பிட்ட பிழைக்கு வருகிறேன். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அதனை மீட்க அமெரிக்கப் படைகள் சவூதி அரேபியாவில் குவிந்தன. 1991இல் முடிந்த அப்போருக்காக ஏறத்தாழ 40,000 பெட்டகங்கள் அங்கு சென்றன. தம்மாமிலும் ஜுபைலிலும் நல்ல துறைமுகங்கள் இருந்தன. இறக்குவதில் வியட்நாமில் கண்ட இடர் பெரிதாக இல்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, யாருக்கு உரியது என்ற விவரம் பல பெட்டகங்களில் இல்லை. பாதிக்கு மேற்பட்டவற்றைத் திறந்து பார்த்த பின்னரே எங்கே அனுப்புவதென்று தெரிந்தது. குவிந்து கிடந்த இச்சரக்கை ‘இரும்பு மலைகள்’ என்றே அழைத்தனர்.

இதன் விளைவு இன்னும் கொடிது. கேட்ட உதிரிப்பொருள் வராத படைப்பிரிவு மீண்டும் கேட்டது. அதுவும் வராதபோது மூன்றாம் முறை கேட்டது. ஒரே பொருள் மும்மடங்காக வந்து மலையை உயர்த்தியது. மலை உயர உயரத் தேடுவதும் கடினமாயிற்று. என் பன்னிரண்டு தகரப் பெட்டிகளின் கதையல்லவா இது!

அதன்பின் பெட்டகங்களில் வானொலி அலை வழியே தம் விவரத்தைத் தெரிவிக்கும் சிறு கருவிகளைப் பொருத்தலாயினர். அத்துடன் குறை தீர்ந்ததா? 2003இல் ஈராக் போர் நடந்தது. அனுப்பியதாகப் பதிவான பொருளுக்கும் பெற்றதாகப் பதிவான பொருளுக்கும் இடையே 120 கோடி டாலர் வேறுபாடு இருப்பதாக அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கத் தணிக்கைத் துறை அறிவித்தது. கருவி பேசும், ஆனால் உள்ளே வைத்ததைச் சரியாகப் பதிந்திருந்தால்தான் அது உண்மை பேசும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நான் அடைந்த முடிவு இது. பெட்டகம் சுமையைக் குறைத்தது; பொறுப்பைக் குறைக்கவில்லை. மூட்டையாக வந்த காலத்தில் அரிசியை அரிசி என்று கண்ணே சொல்லிற்று. எஃகுச் சுவருக்குள் அடைத்த பின் எழுத்தே சொல்லவேண்டும். களவையும் மழையையும் தடுக்கும் அதே சுவர் அறிவையும் தடுக்கிறது. ஆதலால் பெட்டகத்தைத் தூக்கும் வலிய கைக்கு ஈடான மதிப்பு, அதன் எண்ணைப் பிழையின்றி எழுதும் கைக்கும் தரப்படவேண்டும். பதுங்கித் தாக்கப்பட்ட லாரியின் ஓட்டுநரும், பாலைவன வெயிலில் பெட்டகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து குறித்த படைவீரனும் வரலாற்றில் பெயரின்றி நிற்கின்றனர். போரின் வெற்றி தோல்விகளைப் படிக்கும் நாம் அவர்களையும் சேர்த்துப் படித்தல் நலம்.

அடுத்த முகாமில் நானே பெட்டிகளை அடுக்கினேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் பக்கத்திலும் வெள்ளைச் சாயத்தால் எண்ணிட்டு, உள்ளிருப்பவற்றின் பட்டியலை மூடியின் உட்புறத்தில் ஒட்டி, அதன் படியொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று இரவு எட்டு மணிக்குச் சோறு தயாராயிற்று. யாரும் என்னைப் பாராட்டவில்லை. பசியாறியவர்களுக்குப் பெட்டியின் நினைவு எதற்கு? சரக்குப் படையினரின் வெற்றியும் அத்தகையதே என்று எண்ணிக்கொண்டேன்.