பெப்டைடு வாங்குமுன் அந்த பேட்ச்சின் தாளைக் கேளுங்கள்

லாபில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் முதலில் விழும் வேலை கொட்டேஷன் வாங்குவது. பெப்டைடு என்றால் அந்த வேலை குழப்பமானது. இணையத்தில் தேடினால் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரிதான் தெரியும். வெள்ளைப் பொடி ஒட்டிய சின்னக் குப்பி, '98 சதவீதத்துக்கு மேல் தூய்மை' என்ற வரி, ஆர்டர் பொத்தான். விலை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மாறும்.

நான் ஒருமுறை விலையை நம்பி வாங்கினேன். நான்கு மாத இடைவெளியில் இரண்டு பேட்ச். முதலாவதில் ஒழுங்காக வந்த செல் பரிசோதனை இரண்டாவதில் படுத்துவிட்டது. ஆறு வாரம் செல்லையும் மீடியாவையும் சந்தேகப்பட்டோம். கடைசியில் இரண்டு பேட்ச்சின் பகுப்பாய்வுச் சான்றிதழ்களையும் (சி.ஓ.ஏ.) மேசையில் அருகருகே வைத்தேன். இரண்டிலும் எச்.பி.எல்.சி. படத்தின் முக்கிய பீக் 12.347 நிமிடத்தில், பீக்கின் பரப்பளவு கடைசி இலக்கம் வரை ஒன்றே. பேட்ச் எண்ணும் தேதியும்தான் மாறியிருந்தன. ஒரே மாதிரியை ஒரே கருவியில் அடுத்தடுத்து ஓட்டினால்கூட எண்கள் இப்படி அச்சு அசலாக வராது. பழைய படத்தின் மேல் புதுத் தேதியைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: எனக்கு வரப்போகும் பேட்ச்சின் எச்.பி.எல்.சி. படமும் மாஸ் ஸ்பெக் படமும் கிடைக்குமா? 'மாதிரி சி.ஓ.ஏ.' வேண்டாம். சதவீதம் மட்டும் அச்சிட்ட தாளும் வேண்டாம். படத்தில் நேர அச்சு தொடக்கம் முதல் முடிவு வரை இருக்கிறதா, அடிக்கோடு தெரிகிறதா, எந்த அலைநீளம், எந்த காலம் (column), எந்த கிரேடியன்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இரண்டு படமும் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. எச்.பி.எல்.சி. சுத்தத்தைச் சொல்லும், ஆளை அடையாளம் காட்டாது. மாஸ் ஸ்பெக் ஆளைக் காட்டும், அளவைச் சொல்லாது. ஆஞ்சியோடென்சின் 2 என்ற எட்டு அமினோ அமிலப் பெப்டைடை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ் ஸ்பெக்கில் 1046.5 என்ற இடத்திலோ, இரட்டை மின்னேற்றத்தில் 523.8 என்ற இடத்திலோ பீக் வர வேண்டும். தயாரிப்பில் ஒரு வேலின் விடுபட்டிருந்தால் நிறை 99 குறைந்து 947.5 என்று காட்டும். அந்தக் குறைப் பெப்டைடும் எச்.பி.எல்.சி.யில் அழகான ஒற்றை பீக்காக வரக்கூடும்.

அடுத்தது, புதியவர்கள் அதிகம் தவறவிடும் விஷயம். குப்பியில் 1 மில்லிகிராம் என்றால் உள்ளே 1 மில்லிகிராம் பெப்டைடு இருப்பதில்லை. சுத்திகரிப்பில் பயன்படும் டி.எஃப்.ஏ. அமிலம், பெப்டைடின் நேர்மின் இடங்களில் உப்பாக ஒட்டிக்கொள்ளும். ஆஞ்சியோடென்சின் 2-இல் அப்படி மூன்று இடங்கள்; ஒவ்வொன்றுக்கும் 114 கூடும். கணக்குப் போட்டால் எடையில் சுமார் 75 சதவீதம்தான் பெப்டைடு. ஈரம் இருந்தால் இன்னும் குறையும். எச்.பி.எல்.சி. தூய்மைக் கணக்கில் உப்பும் நீரும் சேராது என்பதால் 99 சதவீதம் என்று எழுதிய குப்பிக்கும் இதே கதைதான். நிகர பெப்டைடு அளவைக் கேட்டு வாங்கிய பிறகே கரைசல் போடுங்கள். செல்லில் போடுவதாக இருந்தால் அசிட்டேட் உப்பாகத் தர முடியுமா, எண்டோடாக்சின் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.

'வெளி லாபில் சோதித்தது' என்று விளம்பரம் இருந்தால், அந்த லாபின் பெயரும் அறிக்கை எண்ணும் வாங்கி லாபிடமே நேராக உறுதி செய்யுங்கள். அறிக்கையிலுள்ள பேட்ச் எண் குப்பி மேலிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால், ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் போல வெளியாட்களின் மாதிரிகளைக் கட்டணத்துக்குச் சோதிக்கும் மையங்கள் நம்மிடம் உண்டு.

அனுப்பும் முறைக்கு வருவோம். உறைய வைத்து உலர்த்திய பொடி, மூடி இறுக்கமாக இருந்தால், சில நாள் அறை வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கும். அதற்கு எதிரி ஈரம். சிஸ்டீன், மெத்தியோனின் உள்ளவையும் கரைசலாக வருபவையும் நோஞ்சான்கள். அவற்றுக்குக் குளிர் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கினால் சனி, ஞாயிறு அங்கேயே கிடக்கலாம், டிரை ஐஸ் காத்திருக்காது. சுங்க வரி யார் கட்டுவது, பாதுகாப்புத் தாள் கூட வருமா, கெட்டுப்போய் வந்தால் மாற்றித் தருவார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பெட்டி வந்ததும் குப்பியை உடனே திறக்காதீர்கள். டெசிகேட்டரில் வைத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள். குளிர்ந்த பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டிவிட்டு, ஊசி போடும் அளவையும் சேர்த்துச் சொல்லும் தளங்களை விட்டு விலகுங்கள். அப்படி எடை குறைக்கும் மருந்துகளை விற்ற கம்பெனிகளுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. லாப் குப்பி மனித உடம்புக்குள் போகவே கூடாது. நண்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அரசு நிறுவனங்களில் 'எல்-1 (மிகக் குறைந்த விலை சொன்னவர்) யாரோ அவரிடம்தான்' என்று பர்ச்சேஸ் பிரிவு சொல்லும். அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. பேட்ச் வாரியான இரண்டு படங்கள், நிகர அளவு, உப்பு வகை, அனுப்பும் வெப்பநிலை ஆகியவற்றை விலை கேட்கும் தாளிலேயே நிபந்தனையாக எழுதிவிடுங்கள். அவற்றைத் தர முடியாதவர் விலைப் போட்டிக்கே வர மாட்டார்.

இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'இப்போது கையிருப்பிலுள்ள பேட்ச்சின் எச்.பி.எல்.சி., மாஸ் ஸ்பெக் படங்களை அனுப்பவும்.' மூன்று வேலை நாளில் படம் வராத கம்பெனியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.