முதியோர்க்கு ஒரு மெட்டு விளையாட்டு

ஊரின் நலத்தைப் பற்றிப் பேசும்போது சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றையே நாம் முதலில் எண்ணுகிறோம். நாள் முழுதும் பேச்சுத் துணையின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்களை எண்ணுவது அரிது. வேளைக்கு உணவும் மாற்றுத் துணியும் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும் என்று இருந்துவிடுகிறோம். கைகால்கள் ஓய்ந்த பிறகும் மூளைக்கு வேலை வேண்டும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 7.4 விழுக்காட்டினர் முதுமை மறதி நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

காசு செலவில்லாத ஒரு விளையாட்டை இங்கு விவரிக்க விரும்புகிறோம். ஒருவர் பழைய பாட்டொன்றின் மெட்டைச் சொற்கள் இல்லாமல் முணுமுணுக்கிறார். அது எந்தப் பாட்டு என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அவ்வளவே. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் சுவையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்கே எழுத்தைப் பிடித்துப் பாட வேண்டும். இங்கே மெட்டைப் பிடித்துப் பாட்டைச் சொல்ல வேண்டும்.

எந்தப் பாட்டுகளைத் தேர்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையில் கண்டவையும் கேட்டவையும் பிற்காலத்தவற்றைவிட ஆழமாக மனத்தில் பதிந்து நிற்கின்றன என்பதை உளநூலார் பலமுறை கண்டிருக்கின்றனர். 1950-இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘பாசமலர்’ வந்த 1961-இல் அவருக்கு 11 வயது. ‘திருவிளையாடல்’ வந்தபோது 15. ‘அன்னக்கிளி’ வந்த 1976-இல் 26. அவருக்கு ஏற்ற பாட்டுகள் இந்த எல்லைக்குள் இருக்கின்றன. ஆனால் சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாத பாட்டியர் பலர் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்கு நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டுமே உரியவை. சினிமாப் பாட்டை மட்டும் வைத்து விளையாடினால் அவர்கள் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள்; பிறகு, ‘இவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை’ என்று நாமே முடிவு கட்டிவிடுவோம்.

மெட்டைக் கேட்டதும் ‘இது தெரிந்த பாட்டு’ என்று உணர்வது எளிது. அதன் சொற்களை வெளியே கொண்டு வருவது கடினம். மூளைக்கு உண்மையான உழைப்பு அதில்தான் இருக்கிறது. ஆகவே விடையை உடனே சொல்லிவிடலாகாது. அரை நிமிஷம் பொறுத்து, படத்தின் பெயரைச் சொல்லலாம். பிறகு தாளத்தைத் தட்டிக் காட்டலாம். கடைசியாக முதற் சொல்லை எடுத்துக் கொடுக்கலாம். நீண்ட நாள் பழகிய இசையை நினைவில் வைத்திருக்கும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயிலும் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே தேய்கின்றன என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தன் மகனின் பெயரை மறந்தவர்கூட ஒரு பாட்டை முழுமையாகப் பாடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இதை மருந்தென்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேருக்கு வெவ்வேறு பயிற்சிகள் அளித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நினைவுப் பயிற்சி பெற்றவர்கள் நினைவிலும், ஆராய்ந்தறியும் பயிற்சி பெற்றவர்கள் அதிலுமே முன்னேறினார்கள்; ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்குத் தாவவில்லை. பாட்டைக் கண்டுபிடிப்பதில் வல்லவரானவர் மாத்திரை சாப்பிட மறக்கமாட்டார் என்று யாரும் உறுதி கூற இயலாது. ‘மூளையை இளமையாக்கும்’ என்று விளம்பரம் செய்து கைபேசியில் விற்கப்படும் விளையாட்டுகளை நம்பிப் பணம் இழக்க வேண்டாம். நாலு பேர் கூடிச் சிரித்துப் பேசுவது இவ்விளையாட்டின் நிச்சயமான பயன். அதுவே போதுமானது என்பது எமது கருத்து.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இவ்விளையாட்டைக் காண நேர்ந்தது. எட்டுப் பேர் கூடியிருந்தனர். நடவு வேலையில் முன்நின்று பாடிய மூதாட்டி ஒருவரும் வந்திருந்தார். ‘எதைக் கேட்டாலும் வேறெதையோ சொல்கிறார்கள், புத்தி தடுமாறிவிட்டது’ என்று வீட்டார் எம்மிடம் முன்பே கூறியிருந்தனர். கைபேசியில் ஒலித்த எந்தப் பாட்டுக்கும் அவர் அசையவில்லை. பிறகு, அவரோடு வயலில் நின்ற தோழி ஒருவர் அருகில் வந்தமர்ந்து, உள்ளங்கையில் தாளம் தட்டி, காதோரம் தாழ்ந்த குரலில் ஒரு நடவு மெட்டை முணுமுணுத்தார். மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். அடுத்த அடியை எடுத்தார். கடைசி வரை விடவில்லை. ‘அப்பாயி எதையும் மறக்கவில்லை, நாம் பேசியதுதான் அவர்களுக்குக் கேட்கவில்லை’ என்றாள் பேத்தி. அரசு மருத்துவமனையில் சோதித்தபோது அவள் சொன்னது சரியாயிற்று.

முதுமையில் உச்ச ஒலிகளே முதலில் கேளாமற் போகின்றன. மெய்யெழுத்துகளின் ஒலி மங்குவதால் பேச்சு குழம்புகிறது; தாழ்ந்த சுருதியில் வரும் மெட்டோ காதில் விழுகிறது. செவிக் குறைவை மறதி என்று கொள்வது எளிதில் நேரும் பிழை. அன்றியும், கவனியாது விட்ட செவிக் குறைவு பின்னாளில் மறதி நோய்க்கு வழிவகுக்கக்கூடும்; தவிர்க்கத்தக்க காரணங்களாக லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் கூறிய 14-இல் அதுவும் ஒன்று. ஆகையால், விளையாட்டில் தொடர்ந்து மௌனமாயிருப்பவரின் காதை முதலில் சோதிக்கச் செய்யுங்கள்.

கூட்டம் ஆறு முதல் எட்டுப் பேருக்கு மேற்படாதிருத்தல் நன்று. அரை மணி நேரம் போதும். மின்விசிறியின் இரைச்சலும் தொலைக்காட்சியும் இல்லாத இடமாக இருக்கட்டும். தவறாகச் சொன்னவரைப் பார்த்துச் சிரிக்க விடலாகாது. சில பாட்டுகள் இறந்தவர்களை நினைவூட்டிக் கண்ணீர் வரச் செய்யும். அப்போது ஆட்டத்தை நிறுத்தி, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

அந்த மூதாட்டிக்கு இப்போது செவித்துணைக் கருவி கிடைத்திருக்கிறது. பேத்தி தன் பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் அவருடைய நடவுப் பாட்டுகளை எழுதி வருகிறாள். ஒரு பாட்டு மட்டும் பாதியில் நிற்கிறது. அதன் மீதியை அறிந்தவர் அடுத்த ஊரில் ஒருவர் இருக்கிறாராம்; வரும் கூட்டத்திற்கு அவரையும் அழைத்திருக்கிறார்கள்.