நோன்பு திறந்ததும் வரும் முதல் சிகரெட்

கூத்தாநல்லூர்க்காரர்களுக்குப் புகைப்பதை நிறுத்த ரமலானைவிடத் தோதான மாதம் கிடையாது. சஹர் முடிந்து மஃரிப் வரை 13 மணி நேரத்துக்குமேல் சிகரெட்டைத் தொடுவதில்லை. ரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு இறங்க 12 மணி நேரமே போதும். சிக்கல் நோன்புக் கஞ்சி குடித்த பிறகுதான். டீக்கடைப் பக்கம் ஒதுங்காமல் நேரே பள்ளிவாசலுக்கு நடங்கள். புகை நினைப்பு சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை ஏலக்காய் மெல்லலாம். பாக்கு வேண்டாம், அது வேறு வம்பு.

'வேப்'புக்கு மாறலாமே என்பவர்களை நம்பாதீர்கள். இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனைக்குத் தடை. சிங்கப்பூரில் வைத்திருந்தாலே குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானிடம் சிகரெட் பெட்டி கேட்பதையும் நிறுத்துங்கள், பேரீச்சம்பழம் கேளுங்கள்.

தனியாக முடியவில்லையா? சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.