குண்டுவீச்சு விமானத்துக்கு என்ன வண்ணம்?

இரவில் பறக்கும் விமானம் எதிரியின் கண்ணில் படக்கூடாது. அதற்கு என்ன வண்ணம் பூசலாம்? "கறுப்பு" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். பகலில் கடலின் மேல் பறக்கும் விமானத்துக்கு? "நீலம்" என்பீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது (1939–45) இதே கேள்விகள் எழுந்தன. ஆனால் இயற்பியல் அளித்த விடைகள் இவ்வளவு எளிதாக இல்லை. அவற்றைக் காண்போம்.

எது கண்ணுக்குத் தெரிகிறது?

வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதினால் படிக்க முடியுமா? முடியாது. அதே சுண்ணக்கட்டி கரும்பலகையில் பளிச்சென்று தெரிகிறது. ஒரு பொருள் தெரிவதற்கு அதன் நிறம் மட்டும் காரணம் அல்ல. அதன் பொலிவுக்கும் பின்னணியின் பொலிவுக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். நல்ல பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு 2 சதவீதம் இருந்தாலே போதும், பெரிய பொருளை நம் கண் பிரித்தறிந்துவிடும். ஆகவே மறைந்துகொள்வது என்றால் பின்னணியோடு ஒத்துப்போவது என்று பொருள்.

கறுப்பிலும் இரண்டு வகை

பிரிட்டனின் லங்காஸ்டர் விமானம் 1942 மார்ச்சில் போரில் இறங்கியது. நான்கு எஞ்சின்கள், இறக்கையின் முனைக்கு முனை 31 மீட்டர், உள்ளே ஏழு பேர். மேலிருந்து பார்த்தால் தரையோடு கலந்து தோன்றும்படி, முதுகில் கரும்பச்சையும் மண் பழுப்பும் பூசினார்கள். பக்கங்களிலும் அடியிலும் கறுப்பு. இரவில் இவ்விமானத்தின் பெரும் பகை ஜெர்மானியரின் தேடுவிளக்கு. அதன் ஒளிக்கற்றையில் சிக்கிய விமானத்தைத் தரையிலுள்ள பீரங்கிகள் குறிவைத்துவிடும்.

எனவே, பளபளப்பே இல்லாத கரி போன்ற கறுப்புதான் சிறந்தது என்று பிரிட்டிஷார் முதலில் எண்ணினார்கள். சொரசொரப்பான பூச்சு ஒன்றையும் பயன்படுத்தினார்கள். அது காற்றின் தடையைக் கூட்டி வேகத்தைக் குறைத்தது. எளிதில் உரிந்தும் போயிற்று. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது.

கறுப்புப் பூச்சுக்குள் நுழையும் ஒளி உட்கவரப்படுகிறது. ஆனால் விழும் ஒளி முழுவதும் உள்ளே நுழைவதில்லை. பூச்சின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. செங்குத்தாக விழும் ஒளியில் எவ்வளவு மேற்பரப்பிலேயே திரும்பும் என்பதைக் கணக்கிடலாம். 1.5லிருந்து 1ஐக் கழித்தால் 0.5. இரண்டையும் கூட்டினால் 2.5. முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 0.04. அதாவது 4 சதவீத ஒளி, பூச்சு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் திரும்பிவிடுகிறது! தேடுவிளக்கின் கடும் ஒளியில், இருண்ட வானின் பின்னணியில், இந்தச் சிறு பங்கே விமானத்தைக் காட்டிக்கொடுக்கப் போதுமானது.

இந்த 4 சதவீதம் எந்தத் திசையில் போகிறது? சொரசொரப்பான பரப்பில் நடப்பது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும். பீரங்கி வீரர் எங்கே நின்றாலும் அவர் கண்ணுக்குச் சிறிது எட்டும். வழவழப்பான பரப்பில் நடப்பதோ ஒழுங்கான எதிரொளிப்பு. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக இருக்க, ஒளி ஒரே திசையில் விலகிப் போய்விடும். அந்தத் திசையில் கண் இல்லாவிட்டால் விமானம் தெரியாது. உடல் வளைந்திருப்பதால் எங்கோ ஒரு மெல்லிய கீற்று மட்டும் மின்னக்கூடும்.

உங்கள் வகுப்பில் கரும்பலகை வழவழப்பாகிவிட்டால் என்ன ஆகிறது? ஒரு மூலையில் இருப்பவருக்கு அது பளபளக்கிறது. மற்றவர்களுக்கு நன்கு கறுப்பாகவே தெரிகிறது. அதே தத்துவம்தான் இதுவும்.

அமெரிக்கர்கள் 1943ல் புளோரிடாவிலுள்ள எக்ளின் விமானத்தளத்தில் தேடுவிளக்குகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். பளபளக்கும் கறுப்பே வென்றது. 1945ல் ஜப்பான் மீது இரவில் பறந்த பல பி-29 விமானங்களின் அடிப்புறத்தில் அந்தப் பூச்சே இருந்தது.

கடலின் மேல் வெள்ளை

அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்களின் கதை வேறு. அவற்றில் பல இரவுக் குண்டுவீச்சுக்காகச் செய்யப்பட்டவை. எனவே வயிறு கறுப்பு. நீர்மட்டத்துக்கு மேல் வந்திருக்கும் கப்பலின் காவலர் வானைப் பார்த்தபடி இருப்பார். விமானத்தைக் கண்டதும் கப்பல் மூழ்கித் தப்பிவிடும்.

1941ல் அங்கே ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் பி. எம். எஸ். பிளாக்கெட் என்ற இயற்பியலாளர். விமானங்களின் நிறம் என்ன என்ற கேள்வி ஒரு நாள் எழுந்தது. மேகம் மூடிய அட்லாண்டிக் வானம் பொலிவானது. விமானத்தின் அடிப்புறத்துக்குக் கடலிலிருந்து எதிரொளித்து வரும் சிறிதளவு ஒளியே கிடைக்கும். அதையும் கறுப்பு விழுங்கிவிட்டால், வெளிச்சமான வானில் மைத்துளி போலத் தெரியும். வெள்ளை பூசினால் கிடைத்த ஒளியில் பெரும்பகுதி திரும்பும், வேறுபாடு குறையும். சோதித்தபோது, கறுப்பு விமானம் தெரியும் தூரத்தைவிடச் சராசரியாக 20 சதவீதம் நெருங்கிய பிறகே வெள்ளை விமானம் கண்ணில் பட்டது. வெள்ளை வண்ணமே ஏற்கப்பட்டது. பிளாக்கெட் 1948ல் நோபல் பரிசு பெற்றவர். நேருவின் வேண்டுகோளின்படி சுதந்திர இந்தியாவுக்குப் பாதுகாப்பு அறிவியலில் ஆலோசனை கூறியவரும் அவரே.

தெரியவும் வேண்டும்

மறைந்தால் மட்டும் போதுமா? நம்மவர் நம்மையே சுட்டுவிடக் கூடாதே! அதற்காகத்தான் சின்னங்கள். பிரிட்டனின் சின்னம் சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்கள். வெள்ளை தொலைவிலேயே தெரியுமாகையால் 1942ல் அந்த வளையத்தை மெலிதாக்கினார்கள். லங்காஸ்டரின் கறுப்புப் பக்கங்களில் அடையாள எழுத்துகள் மங்கிய சிவப்பில் இருந்தன. மங்கிய ஒளியில் சிவப்பு நம் கண்ணுக்கு ஏறத்தாழக் கறுப்பாகவே தோன்றும்.

பர்மா போர்முனையில் சிவப்பே ஆபத்தானது. ஜப்பானின் சின்னம் செவ்வட்டம் அல்லவா? குழப்பம் நேராதிருக்க, அங்கே பிரிட்டிஷ் விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கினார்கள். இந்திய விமானப்படையின் விமானங்களும் அந்த நீலச் சின்னத்தோடுதான் பறந்தன.

நிறம் அறியாத கண்

வண்ணப் பூச்சு ஏமாற்றுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை மட்டுமே. ஜெர்மானியரின் வூர்ஸ்பர்க் ராடாரின் அலைநீளம் சுமார் 53 சென்டிமீட்டர். அந்த அலைக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றே. அதை ஏமாற்ற வேறு வழி வேண்டியிருந்தது. 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் நகரின் மீது பறந்த பிரிட்டிஷ் விமானங்கள், அந்த அலைநீளத்தில் பாதி, அதாவது சுமார் 27 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியத்தாள் ஒட்டிய காகிதக் கீற்றுகளைக் கொட்டின. அவை ராடார் அலைகளை வலுவாகத் திருப்பி அனுப்பின. திரை முழுவதும் பொய்ப் புள்ளிகள். 1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் பி-17 விமானங்களுக்கு வண்ணம் பூசுவதையே விட்டுவிட்டார்கள். பகலில் நூற்றுக்கணக்கில் பறப்பவற்றை எப்படி மறைப்பது? எடையாவது குறையட்டும் என்று வெற்று உலோகமாகவே பறக்கவிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சிகளின் மறுபக்கத்தையும் நாம் மறக்கக் கூடாது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தனர். ஹாம்பர்க்கிலோ சில நாள்களில் பல்லாயிரம் மக்கள் மாண்டனர். மேலே இருந்தவரைக் காத்த அதே இயற்பியல், கீழே இருந்தவருக்குத் துணை நிற்கவில்லை. எதிரொளிப்பு விதிக்கு நண்பர், பகைவர் என்ற வேறுபாடு தெரியாது. அதைத் தெரிந்திருக்க வேண்டியவர் மனிதரே.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடித் துண்டின் பின்புறம் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். இன்னொரு கறுப்புத் தாளை அப்படியே அட்டையில் ஒட்டுங்கள். இரண்டையும் இருட்டறையில் சற்றுச் சாய்வாக நிறுத்தி, டார்ச் விளக்கைக் கண்ணருகே பிடித்து ஒளியைப் பாய்ச்சுங்கள். எது அதிகக் கறுப்பாகத் தெரிகிறது? பிறகு கண்ணாடியைச் சிறிது சிறிதாக உங்கள் பக்கம் திருப்புங்கள். எந்த நிலையில் அது பளிச்சிடுகிறது? ஏன் என்று படம் வரைந்து விளக்குங்கள்.